விடுபட்ட எண்கள்

முக்கூடல் பீடிக்கடையில்
கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால்
புகையிலைத் தூள் கொட்டும்.
அங்கே விழும் ஒவ்வொரு தட்டலும்
பாளையங்கோட்டை சர்வரில்
ஒரு வரியாகும் என்று
எழுதிக் கொடுத்தவன் நான்.

பாஸ்புக்கை நிறுத்தி மூன்று மாதம்.
அன்னக்கனி இப்போது ஓர் ஆப்ஜெக்ட்.
வாங்கிப்போன இலை, தூள்,
கொண்டுவந்த கட்டு, கழிவில் போனது,
எல்லாம் அவள் பெயருக்குப் பின்னால்
ஒரு புள்ளி வைத்துக் கேட்டால் வரும்.
டேபிளை நாம் தொடவே வேண்டாம்,
மேப்பர் பார்த்துக்கொள்ளும் என்று
கணக்கர் ஞானதிரவியத்துக்கு
டீக்கடையில் வைத்து விளக்கினேன்.
தலையாட்டினார்.
வடைக்கும் அவரே கொடுத்தார்.

சனிக்கிழமை கூலியில்
நாற்பது கட்டைக் காணோம் என்று
வந்து நின்றாள்.
"செவ்வாக்கெழம குடுத்தேன்.
தம்பி திருப்பிக் காட்டுச்சு, நானே பாத்தேன்,
ஆயிரம்னு கெடந்துச்சு."
"கணக்குல இல்லியே தாயி."
"அப்ப நான் கனவா கண்டேன்?"

கனவில்லை.
அதைச் சொல்ல
எனக்கு இரண்டு ராத்திரி ஆனது.

செஷன் என்பது
தன் கண்ணைத் தானே நம்புவது.
ஃப்ளஷ் ஆன வரியை அது எண்ணும், கூட்டும்,
கேட்டால் எடுத்தும் காட்டும்.
கதவுக்கு வெளியே
அப்படியொரு வரி பிறக்கவே இல்லை.
கமிட் என்ற சொல் விழும்வரை
ஆயிரம் பீடி
அந்த ஒரு திரைக்குள் மட்டும் ஆயிரம்.

அந்தச் சொல்லை நான்
காலை டீக்கு ஒரு தடவை,
கடை சாத்தும்போது ஒரு தடவை
என்று வைத்திருந்தேன்.
ஆளுக்கொன்று வைத்தால் இழுக்கும்.
எனக்கு வேகம் பிடிக்கும்.

செவ்வாய் பன்னிரண்டு நாற்பதுக்குக் கரண்ட் போனது.
யு.பி.எஸ். பேட்டரிக்கான கொட்டேஷன்
மேசைக் கண்ணாடிக்கு அடியில்
மஞ்சளாகிக் கொண்டிருந்தது.
இணைப்பு அறுந்ததும்
டேட்டாபேஸ் தன் தர்மப்படி
பாதியில் நின்றதையெல்லாம்
நடக்காததாக்கியது.

முழுதாக நடக்க வேண்டும்,
இல்லையென்றால் நடக்கவே கூடாது.
இதை எழுதிப்
பதினாறு மார்க் வாங்கியிருக்கிறேன்.
நடந்தே விட்டதை என்ன செய்ய என்று
அந்தத் தாளில் கேட்கவில்லை.

ரோல்பேக் எல்லாவற்றையும்
பின்னுக்கு இழுக்கும்.
கொடுத்த வரிசை எண்ணை மட்டும்
திரும்ப வாங்காது.
40717.
அடுத்த வரி 40737.
நடுவில் பொக்கை.

லாகைத் திறந்தபோது மணி இரண்டரை.
மொட்டை மாடியில்கூடக் காற்றில்லை.
அங்கே இருந்தாள் அன்னக்கனி:
ஆயிரம், கழிவு முப்பது,
நேரம் பன்னிரண்டு பதினொன்று.

ஞானதிரவியம் லாகை நம்பவில்லை.
பொக்கையை நம்பினார்.
"ரசீது புக்குல தாளக் கிழிச்சா
நம்பர் காட்டிக் குடுத்துரும்லா" என்றார்.
பணத்தை எண்ணிக் கொடுத்தார்.
அவளும் எண்ணித்தான் வாங்கினாள்.

கோடை மாற்றினேன்.
ஒருத்தி வந்து நின்றால் ஒரு செஷன் திறக்கும்.
அவள் கட்டை எண்ணி முடித்ததும்
கமிட். மூடு.
பிறகுதான் அடுத்தவள்.
"இழுக்குண்ணே" என்றான் தம்பி.
இழுக்கட்டும்.

இதோடு முடிந்தது என்று
லேப்டாப்பை மூடப் போனேன்.
40718 முதல் 40736 வரை
எண்ணினால் பத்தொன்பது.
கேட்டு வந்தவள் ஒருத்தி.

மற்ற பதினெட்டுப் பேரும்
கொடுத்ததை வாங்கி
பர்ஸுக்குள் மடித்து வைத்துக்கொண்டு
பஸ் ஏறியிருக்கிறார்கள்,
நாமதான் தப்பா எண்ணியிருப்போம் என்று.

பட்டியல் அனுப்பினேன்.
தம்பி வீடு வீடாகப் போனான்.
40725, இசக்கித்தாய்,
நீட்டிய பணத்தைத் தொடாமல் கேட்டாளாம்:
"இத எதுல பிடிப்பீய?"