இருநூற்றுப் பதினான்கு ஹெர்ட்ஸ்

புந்தா அரேனாஸில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
தீயணைப்போர் மன்றத்தின் தகரக் கூரையை
மூன்று நாளாகப் பெயர்த்துப் பார்க்கிறது.
உள்ளே, மேடையில் மண்டியிட்டு
யெர்கோ ஒரு பெட்டியைத் திறக்கிறான்.
இரண்டு செங்கலை ஒட்டிவைத்த அளவு.
இதற்குள் நாற்பது ஆம்ப் இருக்கிறதாம்.
"முதுகுவலிக்கு வைத்தியம்" என்கிறான்.
முப்பது கிலோ வால்வு ஆம்ப்பை
மாடிப்படி தோறும் சுமந்தவன் சொன்னால்
நம்பத்தான் வேண்டும்.

நான் மிக்சர் மேசையில்.
ஒரு கேபிள் என்னிடம் வருகிறது, கூட்டத்துக்காக.
இன்னொன்று அவன் காலடி ஸ்பீக்கருக்கு.
முதல் தந்தியைத் தட்டியதும்
மண்டபமே குளவிக்கூடு.

வீட்டில் ஹெட்போனில் தேனாக இருந்ததாம்.
இருக்கும்.
நள்ளிரவில் காதோடு காதாகச் சொன்னதை
ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிப் பார், தெரியும்.
அடங்கிய சத்தத்தில் காது
அடியையும் உச்சியையும் இன்னும் இன்னும் என்று கேட்கும்.
கொடுத்ததையெல்லாம், சத்தம் ஏறியதும்,
வட்டியோடு நம் தலையில் கொட்டும்.

நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு என்றேன்,
அது பாஸ் வாசிக்கும் மிலேனாவின் பட்டா நிலம்.
ஆறாயிரத்துக்கு மேலே வெட்டு.
எதிரொலியில் பாதியைக் குறை,
இந்தக் கூரை அதை இலவசமாகவே தருகிறது.
பிறகு உர்ரென்று ஓர் இரைச்சல்.
பெட்டியின் முதுகில், தரை இணைப்பை அறுக்க,
சின்னதாக ஒரு பொத்தான். அழுத்தினான்.
இரைச்சல் போயிற்று. மிச்சம் காற்று.
அதற்குப் பொத்தான் இல்லை.

ஐந்தே முக்காலுக்குச் சைரன்.
டிரம்ஸில் இருந்த எலியாசர்
குச்சியைப் போட்டுவிட்டுத் தலைக்கவசத்தை எடுத்தான்.
மிலேனாவும் ஓடினாள், வண்டி ஓட்டுவது அவள்.
நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்களும்
அடுக்கியது அடுக்கியபடி.

மேடையில் அவன். மேசையில் நான்.
"நாலாவதை மட்டும் கேட்டுவிடேன்" என்றான்,
நான்காம் பொத்தானை மிதித்தான்.
ஒரே ஒரு ஸ்வரம்.
அதன் பின்னால் ஒரு சுவர்.

இருநூற்றுப் பதினான்கில் ஒரு புடைப்பு.
திரையைப் பார்க்கும் முன்பே எனக்குத் தெரியும்.
அலமாரிக்கும் சன்னலுக்கும் நடுவே
கெட்டில் கொதிக்கையில் முனகும் இடம் அது.
இரண்டு குளிர்காலத்துக்கு முன்
என் சமையலறையில் ஸ்பீக்கரை நிறுத்தி, மைக் வைத்து,
அறையின் அச்சை எடுத்தான்.
"ஆராய்ச்சி" என்றான்.
கிணுகிணுக்காமல் இருக்கத்
தட்டுகளைத் துணியில் சுற்றியது நான்தான்.
பனி உருகும் முன் அவனும் போனான்,
தட்டுகளில் பாதியை விட்டுவிட்டு
அறை முழுவதையும் எடுத்துக்கொண்டு.

இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய் என்றேன்.
குனிந்து திரையைப் பார்த்துச் சொன்னான்:
"சோலோ இரண்டு."

"நன்றாக இருக்கிறதா?"
"கொஞ்சம் புடைக்கிறது."
"வெட்டிவிடு."

விரல் குமிழின் மேல்.
முழுக்க வெட்டினால்
எந்த அறையிலும் இல்லாத கிட்டார்,
அட்டைப்பெட்டிக்குள் வைத்து வாசித்த மாதிரி.
விட்டால் இவோன் பாடும்போது குறுக்கே நிற்கும்.
இரண்டு டெசிபல் எடுத்தேன்.
இரண்டரை எடுத்திருக்கலாம்.

வண்டி திரும்பிற்று. யாரோ ரொட்டியைக் கருக்கியதாம்.
எலியாசர் நாற்காலிகளுக்கு அடியில்
குச்சியைத் தேடுகிறான்.
"மாற்றியதையெல்லாம் சேமித்துக்கொள்" என்றேன்,
"யாராவது பிளக்கைப் பிடுங்கினால் போச்சு."
தலையாட்டிவிட்டுச் சேமித்தான்: நூறு, ஆறாயிரம், எதிரொலியில் பாதி.

என் இரண்டு டெசிபல் மட்டும் மிக்சரில் இருக்கிறது,
அவனோடு போகாது.
அடுத்த சனிக்கிழமை புவேர்த்தோ நத்தாலெஸில்
வேறொருவர் இந்தப் புடைப்பைக் கேட்டு
ஸ்பீக்கர் பழசு என்று நினைப்பார்.