எட்டு ஐம்பது வண்டி

கொரடாச்சேரிக்கு மேற்கே
கொள்முதல் நிலையத்தில் ஒன்பதாவது நாள்.
என் நெல் இருபத்தொன்றில் நிற்கிறது.
ஈரம் பதினேழுக்கு இறங்கினால்தான் எடுப்பார்கள்.
கருவியைப் பூட்டிவிட்டு
பட்டியல் எழுத்தர் நாலு மணிக்கே போய்விட்டார்.
மேகம் போகவில்லை.

தார்ப்பாய்க்கடியில் ஆறு பேர்.
சாக்கு விரிப்பு, பேட்டரி விளக்கு,
மூலை மடங்கிய சீட்டுக்கட்டு.
ஜெகபர் கலைத்தால் மழை பெய்கிற சத்தம் வரும்.
மழையும் பெய்தது,
எது எதுவென்று தெரியவில்லை.

எனக்கு இரண்டு கட்டு உண்டு.
நெல் எடைக்குப் போகும்வரை
சட்டைப்பையில் இருநூறு, அதற்குமேல் ஒரு பைசா கிடையாது.
காரைக்கால் வண்டி எட்டு ஐம்பதுக்குக் கூவும்.
கூவினால் எழுந்துவிட வேண்டும்,
கையில் என்ன இருந்தாலும்.

முதல் நாள் சிரித்தார்கள்,
"தனவேலுக்கு ரயில்வேல உத்தியோகம்."
சிரிக்கட்டும்.
போன வருஷம் போனில் ஆடினேனே
அதில் வண்டி கிடையாது,
விடியல் கிடையாது, எதிரே ஒரு முகம் கிடையாது.
கக்கூஸில் ஆடினேன்.
யூரியா வாங்கும் வரிசையில் ஆடினேன்.
மாமனார் கருமாதிப் பந்தியில்
இலைக்குக் கீழே வைத்து ஆடினேன்.
ரசம் ஊற்ற வந்தவன் குனிந்து பார்த்து
அடுத்த இலைக்குப் போய்விட்டான்.

குறுவை போச்சு.
காப்பீட்டுப் பணம் வந்த அன்றைக்கே போச்சு.
பூங்கோதையின் ஆறு பவுன்
சொசைட்டி பெட்டகத்தில் இன்னும் இருட்டில் கிடக்கிறது.
அவள் திட்டவில்லை.
போனை வாங்கி எதையோ அழித்தாள்.
இந்த மழைக்கு நான் கிளம்பும்போது
இரண்டு நூறு ரூபாய்த் தாளை நீட்டி,
"சீட்டே தொடாதேன்னா பொய் சொல்லுவ.
இதுக்குள்ள ஆடு" என்றாள்.

இன்றைக்கு முதல் ஆட்டம் போனது.
இரண்டாவதும்.
மூன்றில் கொஞ்சம் திரும்பி வந்தது.
நாலாவது கையை விரித்தால்
இஸ்பேட்டில் மூன்றிலிருந்து ஆறு வரை வரிசை,
டைமனில் ஒரு வரிசை,
இரண்டு ராணிக்கு நடுவே ஜோக்கர்.
கிளாவர் ஏழு இருக்கிறது, ஒன்பது இருக்கிறது.
எட்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

மணி ஒன்பது.
காதைத் தீட்டினேன். தவளை. எங்கோ டிராக்டர்.

"வண்டி வரலயே, உக்காருங்க" என்றான் ஜெகபர்,
நல்ல மனசோடுதான்.
அவன் சொன்னதில் தப்பில்லை.
கூவினால்தானே எழ வேண்டும்.
ஒன்பது ஐந்து.
ஒன்பது பத்து.
தண்டவாளத்தில் தண்ணீர் ஏறியிருக்கும்.
என் கடிவாளத்தை
ஒரு எஞ்சின் டிரைவரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.
அவருக்கு என்னைத் தெரியாது.

"வண்டி போயிடுச்சு" என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.
சீட்டைக் கவிழ்த்து, தோற்ற காசை வைத்துவிட்டு
மழையில் இறங்கினேன்.
பின்னால் யாரோ கட்டைப் புரட்டிப் பார்த்து
"அடப்பாவி, கிளாவர் எட்டு!" என்று கத்தினான்.

திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுதத்தான் ஆசை.
பார்த்தேன்.
ஒரு கால் பின்னால்கூட வந்தது.
சேற்றில் கொஞ்ச நேரம் நின்றது அது,
யாருடைய காலோ மாதிரி.

குவியலுக்குள் கை விட்டேன், உள்ளே சூடு.
அடி ஓரத்தில் வெள்ளையாய் முளை தட்டியிருந்தது.
தார்ப்பாயை இழுத்துச் செங்கல் வைத்தேன்.
பையில் எண்பத்தைந்து இருந்தது.
போன் போட்டேன்.

"வண்டி வந்துச்சா?"
"இல்ல."
அந்தப் பக்கம் பேச்சில்லை. அங்கேயும் மழை கேட்டது.
"அப்புறம்?"
"எழுந்துட்டேன்."
சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

பதினோரு மணிக்கு மேல் வந்தது அது,
பாதிப் பெட்டி காலியாக,
நீளமாகக் கூவிக்கொண்டு.
தார்ப்பாய்க்கடியில்
விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.