விவரம் கட்டாயம்

ஆறாயிரத்து நூற்று நாற்பது,
எங்கள் பேரேட்டில் அந்தக் கணக்கின் எண்.
விருந்தோம்பல், இதரம் என்று பேர்.
சீனப் புத்தாண்டு ஆரஞ்சுக் கூடைகள்,
நள்ளிரவு டாக்சி ரசீதுகள்,
இவற்றுக்குக் கீழே இன்று
மெல்பர்னில் ஒரு மேசை.

பத்து நாற்காலி. மூன்று சுற்றுச் சாப்பாடு.
பேச வருபவர்
அந்த ஊரின் மனைகளுக்குக் கையெழுத்திடுபவர்.
தொகையை ஐந்தாக வெட்டச் சொல்லி மின்னஞ்சல்.
ஐந்து துண்டும் கோட்டுக்குக் கீழே நிற்கவேண்டும்,
கோட்டைத் தாண்டினால்
கொடுத்தவர் பேர் ஊருக்குத் தெரிந்துவிடும்.

தேக்கா சந்தையிலும் இப்படித்தான்
கொடுவாயைத் துண்டு போடுவார்கள்.
ஆனால் முழு மீனைத்
தராசில் வைத்துக் காட்டிவிட்டு.

தஞ்சோங் பகாரில், பதினெட்டாவது மாடியில் இருந்துகொண்டு
நாங்கள் அங்கிருக்கும் வீடுகளை விற்கிறோம்.
சனிக்கிழமைகளில் ஆர்ச்சர்ட் சாலை ஹோட்டல் கூடம்.
கட்டைவிரல் உயர மரங்களோடு
மேசைமேல் ஒரு கட்டடம்.
கறிபாப் தட்டு காலியாவதற்குள்
ஒன்பது வீடுகள் போய்விடும்.
வாங்கியவர்களில் ஒருவருக்கும்
அந்தத் தெருவின் பேர் வாயில் நுழையவில்லை.
எனக்கும்தான்.

என் தம்பி எழிலனுக்கு நுழையும்.
அந்தத் தெருவில்தான் போன வாரம் நின்றான்,
வாடகைக்கு வீடு பார்க்க.
“முப்பத்தேழு பேருக்கா வரிசையில.
கைக்குழந்தையோட ஒருத்தி
சம்பளச் சீட்டைத் தூக்கித் தூக்கிக் காட்டுறா.
கால் மணி நேரம்தான் திறந்து வைப்பாங்களாம்.”
படமும் அனுப்பினான்.
ஈரக் குடைகள். அவற்றுக்கு மேலே
கட்டடத்தின் நெற்றியில்
என் சம்பளச் சீட்டில் இருக்கும் அதே சின்னம்.

எனக்கும் வரிசை உண்டு.
முப்பத்தைந்து வயதாகும்வரை பொறுத்திருந்து
தெங்காவில் ஈரறை வீட்டுக்குப் போட்டதில்
கிடைத்த எண் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம்.
இருப்பதோ முந்நூறு வீடு.
குலுக்கல் என்றால் குலுக்கல்தான் என்று
நம்பித்தான் தூங்குகிறேன்.
அவன் எதை நம்பித் தூங்குவான்?

சித்தி மகள் கல்யாணத்தில்
மொய் எழுதியவள் நான்.
ஈசூன், மாரியப்பன் குடும்பம், ஐம்பத்தொன்று.
ஜூரோங் வெஸ்ட், பரிமளம் டீச்சர், நூற்றொன்று.
வாங்குகிறபோதே உரக்கச் சொல்லி எழுதினேன்.
மொய் தன்னைக் கொடை என்று சொல்லிக்கொள்ளாது.
திரும்பி வரவேண்டிய பணம் அது,
பந்தியில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

இதற்கு மட்டும் நன்கொடை என்று பேர்.
போன முறை மேசை போட்டு ஏழு மாதத்தில்
எட்டு மாடிக்கு அனுமதி இருந்த மனையில்
பதினான்கு மாடி எழுந்தது.
நான் யாரையும் எதுவும் சொல்லவில்லை.
தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
கணக்கு வேலை என்பது அதுதானே.

“என்ன மேசை இது?” என்றாள்
அடுத்த இருக்கை ஹஸ்லினா.
சாப்பாடு என்றேன்.
“அஞ்சு ரசீதுக்கா? யாருக்கு அவ்ளோ பசி?”
சிரித்தபடி லிஃப்டுக்குப் போய்விட்டாள்.

விவரப் பெட்டியை வெற்றாக விட்டுச் சேமித்துப் பார்த்தேன்.
திரை சிவந்தது: விவரம் கட்டாயம்.
இந்த மாடியில் தமிழ் படிக்கத் தெரிந்தவள்
நான் ஒருத்திதான்.
அடித்தேன், தமிழிலேயே.
மேசை, யார் பேச்சு, எந்த மனை,
எட்டு மாடி, பதினான்கு மாடி.
தணிக்கைக்கு வருகிறவர் இது என்ன என்று கேட்டால்
மொய் நோட்டுப் போல உரக்கப் படிப்பேன்.
கேட்காமலும் போகலாம்.

பெட்டி சின்னது. கடைசிச் சொல்
“பதி” என்பதோடு நின்றுவிட்டது.
அப்படியே விட்டேன்.

கைப்பேசி அதிர்ந்தது. எழிலன்.
“கிடைக்கலக்கா.
அந்தக் கைக்குழந்தைக்காரிக்கும் இல்ல.
ஞாயித்துக்கிழமை வேறொண்ணு பாக்கப் போறேன்.
நீ சாப்ட்டியா?”