எலித்தீவில் ஒரு செவ்வாய்

அடையாள அட்டையில் நான் எலிலரசி.
ழகரத்துக்கு அங்கே எழுத்தில்லை.
வரவேற்பறைப் பெண் இன்னும் சுருக்கி
"மிஸ் எலி, உள்ளே போகலாம்" என்கிறாள்.
புலாவ் திக்குஸில், எலித்தீவில்,
எலிக்கு நேர்காணல். பதினோராவது.

காப்புறுதி விற்கும் நிறுவனம்.
ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள் என்றார்.
வாடகை பாக்கியில்லாத வீட்டில் என்று வாயெடுத்து
தலைமைப் பொறுப்பில் என்றேன்.
அழைக்கிறோம் என்றார்.
பத்துப் பேர் சொன்ன அதே சொல்.
என் கைப்பேசிக்குத்தான் அது இன்னும் எட்டவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் ஒரு சீன ஆண்ட்டி.
காதுக்கருவியைக் கழற்றி உதறினாள், திட்டினாள்,
செத்துப்போச்சு என்று என்னிடம் நீட்டினாள்.
பாயான் லெப்பாஸில் ஏழு வருடம்
நுண்ணோக்கிக்குள் குனிந்து கிடந்த கண்கள்,
ஆலை ஆள்குறைத்தபின்
யாருக்கும் தேவைப்படாத கண்கள்.
துப்பட்டாவின் ஊக்கை எடுத்து
குழாயில் அடைத்த அழுக்கை
இழை இழையாக நெம்பினேன்.
மாட்டிக்கொண்டவள் துள்ளினாள்:
"ஐயோ, இந்த ரோடு இவ்வளவு சத்தமா!"

இதற்குள் இரண்டு பேருந்துகள் போயிருந்தன.
நான் பார்க்கவில்லை.
ராத்திரி படுத்தபிறகும் அதுதான் உறுத்துகிறது:
நான் பார்க்கவே இல்லை.

வாங்கிய கடையை மோவாயால் காட்டியிருந்தாள்.
போய்க் கேட்டேன்.
சம்பளம் பழையதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.
வியாழக்கிழமை வந்து
ஒரு நாள் செய்து காட்டு என்றார் கடைக்காரர்.
அழைக்கிறோம் என்று சொல்லவில்லை.

பன்னிரண்டாவது விண்ணப்பமும் அனுப்பிவிட்டேன்,
வாடகைக்காக.
ஊக்கு
பையின் உள்ளறையில் இருக்கிறது.