தங்கள் மேலான கருத்து

ஐயா, வணக்கம்.
மாசி எட்டாம் தேதி பார்சலில் அனுப்பிய
இரண்டு கிலோ மரிக்கொழுந்துப் பாசி
வந்து சேர்ந்திருக்கும் என நம்புகிறோம்.
பார்த்துவிட்டுத் தங்கள் மேலான கருத்தை

"மேலானன்னா என்னடி?" என்றாள் முத்துராக்கு
தலைத்துணியைப் பிழிந்தபடி.
"அவுக ஓசூர்ல மாடில இருக்காக,
நாம சின்னப்பாலத்துல கரையில நிக்கிறோம்ல, அதான்."
"அப்பச் சரி. போடு."

எங்கள் ஊரில் காற்று மாறினால்
சிக்னல் பாம்பன் பாலத்தில் ஏறிக்கொள்ளும்.
தண்ணீர்த் தொட்டி மேல் நின்று
கையை உயர்த்திப் பிடித்தேன்.
திரையில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி
கடைசியில் போய்ச் சேர்ந்தது.

பன்னிரண்டு நாள்.

லூர்தம்மா சொன்னாள்:
"பாசி நல்லாருக்கா இல்லையா,
வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையான்னு கேளு."
நான் எழுதினேன்:
தங்கள் பணிச்சுமையை அறிவோம்.
நேரம் வாய்க்கையில் ஒரு வரி போதும்.

பஞ்சவர்ணம் அத்தை சொன்னது
எழுத்தில் வராது.
நினைவூட்டலுக்குப் பொறுத்தருள்க என்று போட்டேன்.
எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டி வாசித்து,
"இம்புட்டுத்தானா நான் பேசுனது?"
"காஞ்சா சுருங்கிரும் அத்தை.
ஈரத்துல பத்துக் கிலோ அள்ளுறோம்,
மூட்டையில எவ்வளவு நிக்கிது?"

சித்திரையில் தடைக்காலம்.
கண்ணாடியும் கால்தகரமும் ஆணியில் தொங்க
மூன்றாவது கடிதம்.
தாழ்மையுடன் என்று தொடங்கி, அழித்தேன்.
பாறை கிழித்த விரலில் துணிச்சுற்று,
தொட்டால் எழுத்து இரட்டையாய் விழுகிறது:
வணக்க்கம் ஐய்யா.
குறை என்ன என்று சொல்லுங்கள்.
மணலா, ஈரமா, நிறமா.
திட்டினாலும் சரி.
திட்டு வந்தால்
யாரோ மூட்டையைப் பிரித்திருக்கிறார்கள் என்றாவது தெரியும்.
இப்படிக்கு, நம்புசெல்வி, குழுச் செயலாளர்.

அனுப்பிவிட்டு, பதில் தேடி,
விரலால் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனபோது
போன வருச ஆனியில் போய் நின்றது.

அக்கா, உங்களைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன்.
தவறு இருந்தால் திருத்தித் தாருங்கள். அருள்விழி.

அதற்கு மேலே, ஆடியில்:
அக்கா, தொந்தரவுக்கு மன்னிக்கவும். நினைவூட்டத்தான்.

அதற்கும் மேலே:
அக்கா, நலமா?

மூன்றையும் அன்றைக்கே பார்த்தவள்தான் நான்.
நாளைக்கு என்று வைத்தேன்.
சிக்னலைக் குற்றம் சொல்ல முடியாது.
ஓசூரிலும் ஒருத்தி
நாளைக்கு என்று வைத்திருப்பாளோ என்னவோ.

எட்டுப் பக்கத்தையும் படித்தேன்.
கஞ்சிப்பாசியும் கட்டக்கோரையும் இடம் மாறிக் கிடந்தன.
பெண்கள் காலை எட்டு மணிக்குக் கடலில் இறங்குகிறார்கள்
என்று எழுதியிருந்தாள், ஏதோ ஆபீஸ் போல.
தண்ணி வத்துறப்ப இறங்குவோம் தங்கச்சி,
அது நடுச்சாமமானாலும்.
முத்துராக்கு, வயது ஐம்பத்திரண்டு.
இல்லை, நாற்பத்தாறு.
மீதி ஆறையும் உப்பு போட்டது.

தாமதத்துக்கு மன்னிக்கவும் என்று முடித்தேன்.
காரணம் எழுதவில்லை.

நாலே நிமிசத்தில் வந்தது:
அக்கா! புத்தகம் கட்டி, பட்டமும் வாங்கியாச்சு.
ஒரு பிரதி கல்லூரி நூலகத்தில் இருக்கிறது.
திங்கட்கிழமை போய்ப் பென்சிலால் திருத்திவிடுகிறேன்.
யாரும் பார்க்காதபோது.

காலையில் குழாயடியில் கேட்டாள் முத்துராக்கு:
"பதில் வந்துச்சா?"
"வந்துச்சு."
"ஓசூர்லருந்தா?"
"இல்ல. வேற இடம்.
உனக்கு ஆறு வயசு குறைஞ்சிருக்கு."

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு
நாலு எட்டு நடந்தவள்
திரும்பி நின்றாள்.
"அப்ப ஓசூர்க்காரனுக்கு
அதையும் சேர்த்து எழுது."