ஏழு வரை

நாரினில் பனி விழத் தொடங்கிய வாரம்
தலைமைப் பயிற்சி முடிந்து திரும்பினாள் பெகிமாய்.
கழுத்தில் பெயர் அட்டை, கழற்ற மறந்திருந்தாள்.
இனி நாளெல்லாம் மேடைப்பேச்சுதான் என்று
காதில் பஞ்சு வைக்கத் தயாராக இருந்தேன்.
அக்கா பேச்சைக் குறைத்திருந்தாள்.

"கேள்வி கேட்டா ஏழு வரை எண்ணணும்.
அதுக்குள்ள வாயைத் திறக்கக் கூடாது.
மூணு வாரத்துல இதுதான்டா கஷ்டம்,"
அடுப்பில் கரி அள்ளிப் போட்டபடி சொன்னாள்.
இதற்கா முகாம் என்று சிரித்தேன்.

இரவுச் சாப்பாட்டில் அப்பா
என் மாஸ்கோ டிக்கெட்டின் விலையைச் சொன்னார்,
மூன்றாம் முறையாக.
பெரியப்பா மகன் வேலை பார்க்கும் கிடங்கு,
படுக்க இடம், பிப்ரவரி,
எல்லாம் பேசி முடித்தாயிற்று.

பெகிமாய் கரண்டியைக் கீழே வைத்தாள்.
"உனக்குப் போகணுமா?"

என்னிடம்தான் கேட்டாள்.

அப்பா வாயெடுத்தார்.
அவள் திரும்பி அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான்.
மேசைக்கடியில் அவள் விரல்கள்
ஒவ்வொன்றாய் மடங்குவது எனக்குத் தெரிந்தது.
நான்கு.
கெட்டில் கொதித்து அடங்கியது.
ஐந்து. ஆறு.

ஏழும் தாண்டிற்று.
நூடுல்ஸ் ஆறிப்போனது.
மடக்கிய விரல்களைப் பிரித்து
மறுபடி
ஒன்றிலிருந்து தொடங்கினாள்.