பார்க்க என்ன இருக்கு

பந்தலூரிலிருந்து வந்திருந்தார்கள்:
சித்தப்பா மகன் பூபாலன், அவன் மனைவி லோகநாயகி,
பத்து வயது வெண்மதி, ஒரு கறுப்புக் குடை.
ஹட்டன் தாண்டியதும் வேன் கண்ணாடியை முழங்கையால் துடைத்துவிட்டு
பூபாலன் சொன்ன முதல் வார்த்தை,
"அட, நம்ம ஊரு மாதிரியே இருக்கு."

மூன்று நாள் என் த்ரீவீலை ஸ்டாண்டில் போடவில்லை.
தேயிலை காட்டினேன்.
"எங்க வாசலைத் திறந்தா டேன்டீ தோட்டந்தான்."
விடிகாலைப் பனி காட்டினேன்.
"எங்களுக்கு ஜூன்ல துணியே காயாது."
லயம் காட்டினேன்.
தகரத்தை அண்ணாந்து பார்த்தான்.
"நாங்க பாடின்னு சொல்லுவோம்."
அருவிக்கு லோகநாயகி
மரியாதைக்காக ஒரு படம் எடுத்தாள்.
சிவனொளிபாதமலையைத் தூரத்தில் காட்டியபோது
"ஏறணுமா?" என்றாள், தன் செருப்பைப் பார்த்து.

போன மாதம் ஏழாம் நம்பர் மலையில்
சிறுத்தை வந்த கதையைக் கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.
வெண்மதி பொறுமையாகக் கேட்டாள்.
"எங்க சமையல்கட்டுக்கு யானையே வந்துச்சு, மாமா.
அரிசியத் தின்னுட்டு செவுத்தோட போயிருச்சு."

பஜாரில் கடைக்காரர் கேட்டார், இந்தியாக்காரங்களா?
"அங்க எங்களை சிலோன்காரன்னுதான் கூப்பிடுவாங்க"
என்றான் பூபாலன், சில்லறையை எண்ணியபடி.
எண்ணி முடிக்க நேரமாயிற்று.
எங்கள் தாளில் சைபர் அதிகம்.

நாலாம் நாள்
காட்ட ஒன்றுமில்லாமல் மவுசாக்கலைக்கு இறக்கினேன்.
ஏழு வாரமாக மழையில்லை.
தண்ணீர் எங்கோ அணைக்கட்டுப் பக்கமாக ஒதுங்கிக்கொள்ள
சாம்பல் நிறச் சேறு
பாளம்பாளமாய் வெடித்துக் கிடந்தது,
சுற்றிலும் அத்தனை பச்சைக்கு நடுவே
உச்சந்தலை வழுக்கை போல.
அதன் நடுவில் பழைய மஸ்கெலியா.
கூரையில்லாத கோயில், ஏழெட்டுப் படி,
எதையும் தாங்காத இரண்டு தூண்.

வெண்மதி செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினாள்.
"அப்பா, பாலைவனம்!"

பாலைவனத்தில் ஐஸ்கிரீம் வேன் நின்றது.
கடலைக்காரர் இருந்தார்.
ஒரு கல்யாண ஜோடிக்குப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்,
சேலை சேற்றில் படாமல் நாலு பேர் தூக்கிப் பிடிக்க.
"இது எங்க ஊர்ல இல்ல" என்றான் பூபாலன்.
நானே வெட்டி எடுத்தது போல நிமிர்ந்து நின்றேன்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்தான்.
பின்பக்கம் சித்தப்பா வரைந்த படம்.
கோயில், கடைத்தெரு, ஒரு பேக்கரி,
பேக்கரிக்கு எதிரே வெறும் பெருக்கல் குறி.
என்ன குறி என்று அவர் சொல்லவில்லையாம்.
தாளை வலப்பக்கம் திருப்பினான், இடப்பக்கம் திருப்பினான்,
தலைகீழாகப் பிடித்தான்.
"அண்ணே, உங்களுக்குத் தெரியுமா?"

எனக்கு எப்படித் தெரியும்?
நான் பிறந்தது முதல் இது தண்ணீர்.
இங்கே பஸ் ஓடியிருக்கும் என்று சொன்னால்
நம்புவேன், நினைக்க வராது.

கோயில் படியிலிருந்து அறுபது எட்டு வைத்து
ஓரிடத்தில் நின்றான். "இங்கதான்."
சரி என்றோம்.
வெயிலுக்கு லோகநாயகி குடையை வெடிப்பில் ஊன்ற
அதன் நிழலுக்குத் தலையை மட்டும் கொடுத்து
நாலு பேரும் ஐஸ்கிரீம் தின்றோம்.
மின்சார சபை காவலாளி விசில் ஊதும்வரை
ஒருவரும் பேசவில்லை.

அவர்கள் விமானம் ஏறிய வாரம் பிடித்த மழை
பதினொரு நாள் விடவில்லை.
ரோட்டில் நின்று படம் எடுத்து அனுப்பினேன்.
தண்ணீர், தண்ணீருக்கு மேல் பனி, வேறொன்றுமில்லை.

இரவு பத்து மணிக்குப் பதில் வந்தது.
"அண்ணே, லோகா கேக்குறா.
குடையை அங்கேயே விட்டுட்டோமா?"

ஆமாம் என்று எழுதினேன்.
விரிச்சேதான் இருக்கும் என்று எழுதி
அதை அழித்தேன்.